முழுப் படமா, அரை மணித் துண்டா?

ஏரிக்கரை:

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் அடுக்ககத்தின் கூடத்தில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய படம் பார்ப்பது வழக்கம். ஆறரை மணி வரை அங்கே பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு நடக்கும். அதன்பின் விரிப்பைச் சுருட்டி, நாற்காலிகளைப் போட்டு, திரையைக் கட்டி முடிக்க ஏழரை ஆகிவிடும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆக நம் கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். அதிலும் சுண்டலுக்குக் கால் மணி போய்விடும். சென்ற மாதம் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டோம். மூன்று மணி நேரத்தை நெருங்கும் படம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வைத்தி அடுத்த சூழ்ச்சிக்குத் தயாராகிற கட்டத்தில் விளக்கைப் போட வேண்டியதாயிற்று. நாகேஷின் சிரிப்பு காதில் இருக்க, நாதஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் என்ன முடிவு என்று தெரியாமலேயே பிள்ளைகள் லிஃப்டுக்கு நடந்தார்கள்.

ஆகவே என் யோசனை இது. இந்த மாதம் படம் வேண்டாம். 1980களின் பிற்பாதியில், ஆர்.கே. நாராயணின் கதைகளை வைத்துச் சங்கர் நாக் தூர்தர்ஷனுக்காக எடுத்த 'மால்குடி டேஸ்' தொடரிலிருந்து மூன்று அத்தியாயங்களைப் போடுவோம்; அதன்பின் நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு'வின் முதல் இரண்டைப் போடுவோம். ஒவ்வொன்றும் அரை மணிக்குள் அடங்கும். நடுவில் குழந்தை அழுதால் எழுந்து போகலாம். திரும்பி வந்தால் அடுத்த கதை காத்திருக்கும்.

நேரம் ஒரு காரணம் என்றால், அதைவிடப் பெரிய காரணம் எனக்கு ஒன்று உண்டு. அரை மணி அத்தியாயத்தில் இருக்கிற கதை ஒழுங்கு நம் பழைய படங்களில் பெரும்பாலானவற்றில் இல்லை. 'மால்குடி டேஸ்' தொடரில் தொலைந்த தபாலைப் பற்றிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விநாயக முதலி தெருவில் தபால் கொடுக்கும் தானப்பா, ராமானுஜத்தின் பெண் காமாட்சியைத் தொட்டில் நாளிலிருந்து அறிந்தவர். வரனைப் பற்றிக்கூட அவரே வாய்திறந்து சொல்கிறார். மாப்பிள்ளை பயிற்சிக்குப் போகவிருப்பதால் மே 20 முகூர்த்தம் தவறினால் கல்யாணமே தவறிவிடும் என்ற நிலையில், சேலத்திலிருந்து நெருங்கிய உறவினர் சாகக்கிடக்கிறார் என்று ஓர் அட்டை வருகிறது. அதன் பின்னாலேயே இறந்துவிட்டார் என்ற தந்தியும் வருகிறது. தானப்பா இரண்டையும் பையிலேயே வைத்துக்கொள்கிறார். எல்லாம் முடிந்த பிறகு கொண்டுவந்து நீட்டி, என்மேல் புகார் எழுதுங்கள் என்கிறார். ராமானுஜம் புகார் எழுதமாட்டேன் என்கிறார். ஆனாலும் நீ இதைச் செய்திருக்க வேண்டாம் என்கிறார். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. இதே கதையை 1960களில் தமிழில் எடுத்திருந்தால், பந்தலில் ஒரு பாட்டு, தபால்காரருக்கு ஒரு சோகப் பாட்டு, நிலைக்கண்ணாடிக்குள்ளிருந்து அவரையே கேள்வி கேட்கும் மனசாட்சித் தபால்காரர் ஒருவர் எல்லாம் சேர்ந்து இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ரீல்பெட்டி:

மறுக்கிறேன் ஐயா. துண்டு போடுவதைப் பற்றி எனக்குச் சற்று அதிகமாகவே தெரியும். கோலார் தங்கவயலில் என் தகப்பனார் ஒரு கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தார். இரண்டாம் ஆட்டம் முடிய நேரமானால், விடியற்காலை ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்க வேண்டியவர்கள் படத்துக்கு வரமாட்டார்கள் என்று சொல்லி, முதலாளி பத்து நிமிடத்தையாவது குறைக்கச் சொல்வார். ஆயிரம் அடி ரீல் திரையில் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ஒரு முழு ரீலை விழுங்கினால் கதை அறுந்துவிடும் என்பதால், அப்பா பாட்டுகளின்மேல்தான் கைவைப்பார். பாட்டு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் விளக்கின் முன்னே பிடித்துப் பார்த்துக் கத்தரிப்பார்; ஒரு முனையின் மேல்பூச்சை பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி, இரண்டு முனைகளையும் துளைக்குத் துளை பொருத்தி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மனத்துக்குள் இருபது வரை எண்ணுவார். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடிதான் அந்தப் பசைக்கும். வெட்டிய பாட்டு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும். பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்முன் அதைப் பழையபடி ஒட்டித் தருவார்.

ஒரு நாள் இரவு, படம் விட்டபின் தரை டிக்கெட்டுக்காரர் ஒருவர் சண்டைக்கு வராமல், மெல்லிய குரலில், 'அந்தப் பாட்டைக் காட்டத்தான் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கதை அவருக்குக் குறைவில்லாமல் புரிந்திருந்தது. ஆனாலும் அவர் பார்க்க வந்த படத்தை நாங்கள் காட்டவில்லை. அப்பா மறுநாள் அவர்கள் இருவரையும் ஆபரேட்டர் அறை ஓரமாக உட்காரவைத்து முழுப் படத்தையும் காட்டினார். அதற்குமேல் அவர் கத்தரிக்கோலை எடுத்ததே இல்லை என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். உண்மையில் அடுத்த வெள்ளிக்கிழமையே எடுத்தார், ஏனென்றால் சம்பளம் முதலாளியிடம் இருந்தது.

கதை மட்டுமே படம் என்று நீங்கள் கொள்வதால்தான் பாட்டு உங்களுக்கு இடைஞ்சலாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, நீங்கள் போடப்போகும் பதிப்பில் விநாயக முதலி தெருவின் ராமானுஜம் இந்தியில் பேசுவார். தமிழ்க் குடும்பங்கள் தமிழ் கேட்பதற்காகக் கூடுகிற ஒரே ஒரு மாலையில் அது தேவையா என்பதையும் யோசியுங்கள்.

நெல்லைப் பொடியன்:

பெரியவர்கள் இருவரும் பேசுவதில் நடுவே புகுவதற்கு மன்னிக்க வேண்டும். அரை மணித் துண்டுதான் உயர்ந்தது என்றால், தினசரித் தொடர்கள் அந்தக் கணக்கில் ஏன் வரவில்லை? 2020இல் ஊரடங்கின்போது 'மெட்டி ஒலி' மறுஒளிபரப்பானது; அலுவலகமே வீட்டுக்கு வந்துவிட்ட காலம் என்பதால் நான் ஊருக்குப் போய் அம்மாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும் செய்திக்குப் பயந்துகொண்டே வாழ்கிற தகப்பனாக டெல்லி குமார் நடித்திருப்பார். கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் எழுந்திருப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கம் முதல் வாரத்தில் நமக்கு ஒன்றுமில்லை; இருநூறாவது அத்தியாயத்தில் நமக்கே வயிற்றைப் பிசையும். இதை எந்த இரண்டரை மணிப் படத்தாலும், எந்த அரை மணிக் கதையாலும் செய்ய முடியாது. அதற்கு நாள்கள் வேண்டும். பார்ப்பவரும் அவரோடு சேர்ந்து கொஞ்சம் வயதாக வேண்டும்.

நடிகர் பெயரிலேயே டெல்லி இருக்கிறது. பெங்களூரு இருந்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்களோ என்னவோ.

ஏரிக்கரை:

தம்பி, 'மெட்டி ஒலி' 811 அத்தியாயங்கள். விளம்பரம் போக ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 270 மணி நேரம். மாதத்துக்கு இரண்டே கால் மணி வீதம் எங்கள் கூடத்தில் போட்டால் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் கராத்தே படிக்கும் பிள்ளைகளுக்கே கல்யாணம் ஆகிவிடும். தயக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தயக்கத்துக்கும் அடுத்த தயக்கத்துக்கும் நடுவே, ஒருவர் ஒரு சொல் சொல்ல, சுற்றியிருக்கும் ஆறு பேரின் முகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, அதற்குத் தனித்தனியே இடி முழக்கி நிரப்பிய நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

ரீல்பெட்டி ஐயாவுக்கு: தங்கள் தகப்பனாரின் கதை மனத்தைத் தொட்டது. ஆனால் அது என் பக்கத்துக்கான சாட்சி என்றே நினைக்கிறேன். அந்த மனிதர் மனைவிக்குக் காட்ட விரும்பியது படத்தை அன்று. படத்துக்குள் இருந்த ஒரு துண்டை. பார்வையாளர்கள் எப்போதுமே துண்டைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். நம் பழைய படங்களைக் கட்டியவர்களும் அப்படித்தான் கட்டினார்கள். 1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' ஒரே கதையா? தருமிக்குப் பொற்கிழி, தக்கனின் யாகம், மீனவப் பெண்ணாக வந்த பார்வதி, பாணபத்திரருக்காக விறகு விற்க வந்த சிவன் என்று நான்கு கதைகள். ஒன்றில் வருபவர்களுக்கும் மற்றதில் வருபவர்களுக்கும் சிவனைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. இன்று எடுத்திருந்தால் நான்கு அத்தியாயத் தொடராகத்தான் வந்திருக்கும். ஒரு மாதத்துக்கு ஒன்று என்று போட்டால், சுண்டலும் தின்று, பத்து மணிக்குள் வீடும் போய்ச் சேரலாம். தருமியைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் தக்கனின் யாகம் எதற்கு என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

ஜே.பி. நகர் பாட்டுக்காரி:

நான் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வாழ்கிறவள் என்பதால், வர்ணம் என்ற கர்நாடக உருப்படியில் சிட்டை ஸ்வரம் என்ற துண்டை மட்டும் படித்துக்கொண்டு போய்விடலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் பேசிப் பேசி எனக்கு இந்த வாதம் பழகிவிட்டது.

அந்த நான்கு கதைகளையும் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். பழம் அண்ணனுக்குப் போய்விட்டது என்று கோபித்துக்கொண்டு முருகன் மலையேறி நிற்கிறான். ஔவையாராக கே.பி. சுந்தராம்பாள் வந்து பாடுகிறார். அதன்பின் தாய் வந்து, உன் தகப்பனார் உன்னை மட்டும் சோதிக்கவில்லை அப்பா, எல்லோரையும் இப்படித்தான் சோதித்தார் என்று சமாதானப்படுத்துவதற்காக ஒவ்வொரு கதையாக எடுத்துச் சொல்கிறாள். தருமிக்குப் பரிசு கிடைக்காமல் தடுமாறியது, தக்கனின் மகளே தவித்தது, கடற்கரையில் தானே ஒரு மீனவப் பெண்ணாகப் பிறந்தது என்று, பாதிக் கதைகளில் சொல்கிறவளே அடிபட்டவள். 'உனக்கு ஒரு பழம்தான் போயிற்று, எனக்கு என்னவெல்லாம் போயிற்று தெரியுமா' என்று ஒரு தாய் மகனிடம் சொல்கிற குரல் அது. தக்கனின் யாகத்தை நீங்கள் எடுத்துவிட்டால் பார்வதியாக நடித்த சாவித்திரி கதை சொல்லியாக மட்டும் நிற்பார். அந்தக் கதைக்குள் எரிந்தவராக நிற்கமாட்டார். ஒன்றோடொன்று தொடர்பில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம், தொடர்பு கதைகளுக்கு உள்ளே இல்லாமல் அவற்றைச் சொல்கிறவளிடம் இருப்பதுதான்.

இன்னொன்று. தருமிக்காக இறைவன் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் 'கொங்குதேர் வாழ்க்கை' குறுந்தொகையின் 2ஆம் பாட்டு. அங்கே அது ஐந்தே அடி. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று அந்த ஐந்தடியின்மேல் ஒரு சபையைக் கூட்டி, நாகேஷைப் புலம்பவைத்து, நக்கீரராகத் தாமே வந்து நின்று, ஏ.பி. நாகராஜன் இவ்வளவு நீட்டியிருக்கிறார். நீட்டுவதும் ஒரு கலைதான், ஏரிக்கரை அண்ணா.

இந்தி விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. ஆர்.கே. நாராயண் தமிழ் வீட்டில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர்; அவருடைய ராமானுஜம் தாளிலேயே தமிழ் பேசவில்லை. தொடருக்கு இசையமைத்த எல். வைத்தியநாதன், 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதியின் பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர். முகப்பிசையில் வருகிற அந்த வார்த்தையில்லாத குரலுக்கு மொழிச் சண்டை கிடையாது.

மூன்றாம் மாடி:

குடியிருப்புச் சங்கக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். 'மால்குடி டேஸ்' போடுவதாகப் பேச்சு அடிபடுகிறது என்று தெரிந்ததும், இதுவரை எட்டிப்பார்க்காத ஆறு கன்னடக் குடும்பங்கள் நாற்காலி கேட்டிருக்கின்றன. ஆகும்பேயில் அந்தத் தொடர் எடுக்கப்பட்ட பெரிய வீட்டைப் போய்ப் பார்த்து வந்தவர்களே எங்கள் கட்டடத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். சங்கர் நாக் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும், 'ஆட்டோ ராஜா' என்ற ஒரு படத்தின் உறவால் இந்த ஊர் ஆட்டோக்களின் முதுகில் இன்னும் அவர் முகம் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செயலாளரே கன்னடக்காரர் என்பதால், ஒரு முறை அவர் வீட்டாரும் வந்து உட்கார்ந்தால் பத்து மணி பத்தே காலாகக்கூடும் என்று நினைத்தேன். கேட்டுப் பார்த்தேன், ஆகாது என்று சொல்லிவிட்டார்.

ரீல்பெட்டி:

அம்மா சொன்னதற்குமேல் 'திருவிளையாடல்' பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நடிகரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. டி.எஸ். பாலையாவை எடுத்துக்கொள்வோம். 1964இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில், சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா தகப்பனுக்குக் கதை சொல்கிற காட்சியை இன்றைக்கும் கைப்பேசியில் துண்டாகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தக் காட்சியில் எல்லோரும் நாகேஷைப் பார்ப்பார்கள். நான் ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாக நாள்தோறும் பார்த்ததால், மூன்றாம் நாளிலிருந்து பாலையாவை மட்டுமே பார்க்கத் தொடங்கினேன். அவருக்குப் பேச்சு மிகவும் குறைவு. கேட்கிறார், அவ்வளவுதான். மகன் ஒவ்வொரு சத்தமாக எழுப்ப எழுப்ப, அதிகாரமாக உட்கார்ந்திருந்த உடம்பு சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

அடுத்த ஆண்டு 'திருவிளையாடல்' படத்தில் இதே மனிதர் ஹேமநாத பாகவதராக வருகிறார். ஒரு நாள் போதுமா என்று சபையையே மிரட்டிப் பாடிய வித்துவான், தான் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் ஒரு விறகுக்காரன் பாடுவதைக் கேட்கிறார். இங்கேயும் கேட்பதுதான் அவருடைய வேலை. முன்னதில் பயம், பின்னதில் கர்வம் கழன்று விழுவது. இரண்டையும் ஒரே கருவியால், காதால், செய்திருக்கிறார். இதைப் போலக் கேட்டு நடித்தவர் நம் சினிமாவில் வேறு எவரும் இல்லை என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். சிவாஜி ரசிகர்கள் கல்லெறிய வேண்டாம்.

இப்போது கேள்வி. சின்னமலை எஸ்டேட்டையும் வீட்டையும் ஒரு சொல்லால் ஆட்டிப்படைத்த, பத்து ரூபாயைக்கூட மகனிடம் நம்பிக் கொடுக்காத கறார்க்காரரை முன்னாலேயே நாம் பார்த்திருப்பதால் அல்லவா அந்தச் சுருங்கல் சுருங்கலாகிறது? துண்டாகப் பார்க்கிற பிள்ளைக்கு, ஒரு கிழவர் முகத்தைக் கோணுகிறார் என்பதுதான் தெரியும். சிரிப்பான். யார் பயப்படுகிறார் என்பது தெரியாமல் சிரிப்பான். சபையில் பாடிய பாட்டை வெட்டிவிட்டுத் திண்ணையை மட்டும் காட்டினால், கழன்று விழுவதற்குக் கர்வம் எங்கே இருக்கும்?

ஏரிக்கரை:

பாலையாவைக் கொண்டுவந்து நிறுத்தியபின் வாதாடுவது கடினம். அந்தக் காட்சியை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். நூறு முறையும் நாகேஷையே பார்த்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நேற்றிரவு உங்கள் பதிவைப் படித்தபின், படத்தைத் தொடக்கத்திலிருந்து போட்டு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் சொன்னது சரி. அதற்குமுன் அவர் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் கை எங்கேயாவது ஊன்றியிருப்பது போன்ற ஒரு தோரணை இருக்கிறது. இங்கே கைக்கு ஊன்ற இடம் கிடைக்காமல் அலைகிறார்.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கமாட்டேன். முன்கதை வேண்டும் என்பதற்காக, அந்த முன்கதையோடு ஒட்டிக்கொண்டு வருகிற எல்லாமே வேண்டும் என்று ஆகிவிடாது. தானப்பாவின் கதையிலும் முன்கதை இருக்கிறது: ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் அவர் நின்று பேசுகிற பேச்சு. எட்டு நிமிடத்தில் அந்த மனிதரை நமக்கு உறவாக்கிவிடுகிறார்கள். உறவாக்க எட்டு நிமிடம் போதும்போது எண்பது நிமிடம் எதற்கு என்பதே என் கேள்வி. 'காதலிக்க நேரமில்லை' விதிவிலக்கு. அதில் வீணான காட்சி குறைவு. கதையோடு எந்த ஒட்டும் இல்லாமல், தனிக் கூட்டமாக வந்து அடித்துக்கொண்டு போகும் நகைச்சுவைப் பகுதிகள் உள்ள படங்கள் எத்தனை? அவற்றையும் பாலையாவின் பெயரால் காப்பாற்றிவிட முடியாது.

நெல்லைப் பொடியன்:

எட்டு நிமிடத்தில் உறவாவதும், எட்டு மாதத்தில் உறவாவதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்லி, அந்தப் பேச்சை விடுகிறேன். 270 மணி நேரக் கணக்கில் எனக்கு ஏற்கெனவே உதை கிடைத்தாயிற்று. முகங்களுக்கு இடி முழக்குவதைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். அம்மாவே அந்த நேரத்தில்தான் குக்கரைப் பார்த்துவிட்டு வருவார்.

உங்கள் நிகழ்ச்சிநிரலில் இருக்கிற வேறொரு ஓட்டையைக் காட்டுகிறேன். 'விடாது கருப்பு'வின் முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் போடுவீர்கள் என்றால், மூன்றாவது எப்போது? இந்திரா சௌந்தர்ராஜன் அந்தக் கதையைக் கட்டியிருப்பதே, ஒரு வாரம் முழுக்க, கொன்றது கருப்பசாமியா மனிதனா என்று தெருவில் நின்று பேசவைப்பதற்காகத்தான். வெள்ளைக் குதிரை வருகிற சத்தத்தோடு அத்தியாயம் முடிந்தால், மறுநாள் பள்ளியில் அதே பேச்சாக இருந்தது என்று என் அக்கா இன்னும் சொல்வார். அந்த ஒரு வாரம்தான் தொடரின் பாதி. மால்குடியின் கதை அத்தியாயத்தோடு முடிகிறது. இது முடிவதே இல்லை. இரண்டையும் 'அரை மணித் துண்டு' என்று ஒரே பையில் போட்டுவிட்டீர்கள். மாதத்துக்கு இரண்டு என்று போட்டால், கொலைகாரன் யார் என்று தெரிவதற்குள் நான் வேலையை மாற்றிக்கொண்டு ஹைதராபாத்துக்குப் போயிருப்பேன்.

ஏரிக்கரை:

அதை யோசிக்கவில்லை. 'விடாது கருப்பு'வைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

ஜே.பி. நகர் பாட்டுக்காரி:

அப்படியானால் ஒரு மாற்று யோசனை. ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த 'அந்த நாள்'. இரண்டேகால் மணிக்குள் முடிந்துவிடும். பாட்டும் இல்லை, நாட்டியமும் இல்லை. வெட்டவேண்டும் என்று கை அரிக்கிறவர்களுக்கு வெட்ட எதுவும் கிடைக்காது. வீணை வாசித்துப் பெயர்பெற்ற ஒருவர் தாம் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை என்பதை என் மாணவிகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

1943இல் சென்னையின்மேல் ஜப்பானியர் குண்டு வீசியதை ஒட்டிய நாளில் கதை தொடங்குகிறது. படம் ஆரம்பித்த சில நொடிகளில் துப்பாக்கிச் சத்தம்; கதாநாயகன் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அதன்பின் பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ஒரு நாட்டியக்காரி, மனைவி என்று ஒவ்வொருவரும் விசாரணையில் ஒவ்வொரு விதமாகச் சொல்லச் சொல்ல, இறந்தவன் எப்படிப்பட்டவன் என்பது மாறிக்கொண்டே போகிறது. வந்த காலத்தில் வசூலில் அது சோபிக்கவில்லை. பராசக்தியின் வசனத்தைக் கேட்ட காதோடு போய் உட்கார்ந்தவர்களுக்கு, சிவாஜி சாதாரணக் குரலில் பேசியதே ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

ஏரிக்கரை:

அக்கா, இது எனக்கு நீங்கள் கொடுக்கும் வெற்றி என்று தெரிந்தே கொடுக்கிறீர்களா? ஆளுக்கு ஒரு வாக்குமூலம். ஒவ்வொன்றும் கால்மணி, இருபது நிமிடம். இதைவிட ஒழுங்கான அத்தியாயத் தொகுப்பு தமிழ் சினிமாவில் கிடையாது.

ஜே.பி. நகர் பாட்டுக்காரி:

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் கொன்றவர் யார் என்று உங்களுக்கு விளங்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் யாரும் இங்கே படிக்கக்கூடும். பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

எதையும் எடுக்க முடியாது. சரி, முழுப் படமே போடுவோம். மால்குடிக்கு அதற்கடுத்த மாதம். ஆறு கன்னடக் குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

மூன்றாம் மாடி:

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஏழரை மணிக்குக் கூடத்தைப் பதிவுசெய்துவிட்டேன். கராத்தே ஆசிரியர் விரிப்பைத் தாமே சுருட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது. பாட்டே இல்லாத படம் என்று கேள்விப்பட்டதும் என் மாமியார், 'அப்படியானால் எனக்கு உரிய சுண்டலை மேலேயே அனுப்பிவிடு' என்று சொல்லிவிட்டார். அவர் வயதில் இன்னும் நான்கு பேர் அதே மனநிலையில் இருக்கிறார்கள். இடைவேளையில், அவர்களுக்காக, 'திருவிளையாடல்' படத்திலிருந்து விறகுக்காரன் பாடுகிற பாட்டை மட்டும் தனியாகப் போடலாமா? ரீல்பெட்டி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ரீல்பெட்டி:

போடுங்கள். ஆனால் பாட்டு தொடங்கும் இடத்தில் தொடங்காதீர்கள். பாலையா வீட்டுக்குள்ளே இருந்து காதைத் தீட்டுகிற இடத்திலிருந்து போடுங்கள். மூன்று நிமிடம் கூடும். சுண்டலை அந்த நேரத்தில் கொடுத்துக்கொள்ளலாம். நான் பனஸ்வாடியில்தான் இருக்கிறேன். வெளியாருக்கும் நாற்காலி உண்டென்றால் வருகிறேன்.